ஆட்டை விரட்டிக்கொண்டே நீ போட்ட கமெண்ட்டுகள்

என் ஜன்னலுக்கு முதன்முதலாக வந்து எட்டிப் பார்த்த அலமேலு அக்காவுக்கு,

கொளவாய் ஏரி நிரம்பிவிட்டது அக்கா. ரயில் செங்கல்பட்டை விட்டதும் ஒரே தண்ணீர்தான். நீ இருந்தால் "படம் புடிச்சிப் போடு கண்ணு" என்று கேட்டிருப்பாய். பிடித்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் போனைப் பையில் போட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. மாலையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். ஆமாம், அந்த மாலையைத்தான். உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் பழகிய இடம் இந்த வலைப்பூதான், அதனால் இங்கேயே எழுதுகிறேன். நம் பேச்சு எப்போதும் நாலு பேர் பார்க்கத்தானே நடந்தது? நீ போன பிறகு நான் எழுதும் முதல் பதிவு இது.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதே. புதிதாக வந்து படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. போக வர ரயிலில் கிடைக்கும் நேரத்தில் போனில் எழுத ஆரம்பித்ததுதான் இந்த 'கொளவாய் ஜன்னல்'. அப்படி என்னத்தை எழுதிக் கிழித்தேன்? ஏரியில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைப் பற்றி. எதிர் சீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வேலைக்குப் போகும் அம்மாளைப் பற்றி. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாடி, இவ்ளோ நரைச்சிப் போச்சா உனுக்கு?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கிக்கொண்ட பெரியவரைப் பற்றி. ஒரு ஈ காக்கைகூட வந்து படிக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் ரேவதி தலையில் அடித்துக்கொள்வாள். "இந்தக் காலத்துல எவடி பிளாக்கு படிக்கிறா? மூஞ்சியக் காட்டி வீடியோ போடு. நாலு பேராவது பாப்பாங்க." நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத மூஞ்சியை ஊரில் எல்லாரும் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார்கள். அதை வேறு வீடியோ எடுத்துக் காட்ட வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் மாலையைப் பற்றி எழுதினேன். திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் ஆக வேண்டி வருகிறவர்கள் மாலை வாங்கிப் போய்ப் பெருமாளுக்குச் சாத்துவார்கள். அதில் ஒன்றை நம் கழுத்தில் போட்டு அனுப்புவார்கள். அதோடு கோயிலை ஒன்பது சுற்று சுற்றிவிட்டு, மாலையை வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாகப் போய் அந்தப் பழைய மாலையைக் கோயில் மரத்தடியில் சேர்க்க வேண்டும். அம்மா என்னைக் கூட்டிப் போனபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. மஞ்சள் பையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினோம். பூ வாடியது, காய்ந்தது, சருகானது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அம்மா அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு இடம் மாற்றுவாள். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் குடிவந்தபோது சாமான் எல்லாம் டெம்போவில் வந்தது. மாலை மட்டும் பஸ்ஸில் அம்மாவின் மடியில் வந்தது. என் கழுத்தில் விழுந்த அந்த மாலையை இனி என்ன செய்வது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பதிவை முடித்திருந்தேன். யாரும் பதில் சொல்வார்கள் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் ரயிலில் போனைத் திறந்தால் உன் கமெண்ட்.

"அம்மா கௌரி நான் திருவிடந்தையில பூக்கடை வெச்சிகினுகீறேன் பேரு அலமேலு படிச்சிட்டு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சி மாலைய தூக்கி போட்டுடாத யோவ் அந்த ஆட்டத் தொரத்துயா சம்பங்கியத் துன்னுது பாரு கண்ணு தெரியாது உனுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு தெகிரியமா இரு"

போனில் மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் மைக்கை நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆடு, ஆட்டை விரட்டாத உன் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன், எல்லாரும் என் கமெண்ட் பெட்டிக்குள் வந்துவிட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் வெண்டைக்காய் அம்மாள் கத்தியை நிறுத்திவிட்டு, "இன்னாமா, வூட்ல விசேஷமா?" என்று கேட்டார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு நீ என் பழைய பதிவு ஒன்றையும் விடவில்லை. மத்தியானம் கோயில் நடை சாத்தியதும் கடைவாசலில் உட்கார்ந்து, கடலில் வலையைப் போட்டு வாரின மாதிரி அத்தனையையும் வாரிப் படித்தாய். கொக்குப் பதிவுக்குக் கீழே, "அது தூங்கல கண்ணு மீனு ஏமாந்து வரட்டும்னு நிக்குது எங்க வூட்டுக்காரு மாதிரி" என்று எழுதினாய். அண்ணன் அதற்கு என்ன திட்டினார் என்பதும் அதிலேயே பதிவாகியிருந்தது. அதை இங்கே எழுத முடியாது!

பெயர் போடாத ஒருத்தன் வந்து, கல்யாணம் ஆகாத பொம்பளைகளின் புலம்பலுக்கெல்லாம் இண்டர்நெட் ஒரு கேடா என்று கேட்டான், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கே வலைப்பூவை மூடிவிடுவது என்று முடிவு கட்டினேன். மூடுவதற்குள் நீ வந்து நின்றுவிட்டாய். "தம்பி உன்ன யாரு வெத்தல பாக்கு வெச்சி கூப்ட்டா புடிக்கலன்னா எழுந்து போ நல்லா கடல்காத்து வருது வாங்கினு வா யோவ் பூ மேல தண்ணி தெளி." அவன் அப்புறம் வரவே இல்லை. என் நம்பரைக் கேட்டு வாங்கி, எனக்கு நீ தனியாகப் போன் செய்தாய். முதல் தடவை உன் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான். வலைப்பூவை மூடப்போகிறேன் என்றேன்.

"மூடறேன்னு மட்டும் சொல்லாத. நீ மூடிட்டா நான் மத்தியானத்துல இன்னாத்தப் படிக்கறது? சுவத்தையா?" என்று அதட்டினாய். என்னிடம் அதுவரை யாரும் 'நீ எழுது' என்று சொன்னதில்லை அக்கா. மூஞ்சியைக்கூடப் பார்க்காத ஒருத்தி உரிமையோடு அதட்டியது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாம்பரத்தில் இறங்க மறந்து கிண்டி வரை அழுதுகொண்டே போனேன்.

உன்னை நேரில் பார்க்க வந்த நாளும் அப்படியே இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஈ.சி.ஆர். பஸ். நான் கற்பனை செய்து வைத்திருந்த அலமேலு குண்டாக, கண்டிப்பாக இருந்தாள். நீயோ ஒல்லியாக, என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக, போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பதிவையே படித்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணாடிக் கடைக்காரியின் எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாளே! அடுத்த வாரமே பழுப்பு ஃபிரேமில் ஒன்று செய்து கொண்டுவந்து உன் மூக்கில் மாட்டினேன். "அடிப் பாவி, எழுத்து இவ்ளோ பெருசாவா இருந்திச்சி?" என்றாய்.

அன்றைக்குத்தான் 'வாங்க போங்க' போய் 'வா போ' வந்தது. அன்றைக்குத்தான் நீ கேட்டாய். "பெருமாள் மேல கோவமா கண்ணு?"

"கோவம் இல்லக்கா. வெக்கம். கேட்டுட்டுக் கிடைக்காம போனா, மறுபடி அவரு முன்னாடி போய் நிக்க வெக்கமா இருக்கு" என்றேன். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ சம்பங்கியைக் கட்டிக்கொண்டே பேசினாய். உனக்குப் பிள்ளை இல்லை என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "நான் கேட்டதையுந்தான் குடுக்கல. அதுக்குன்னு பேச்சு வார்த்தைய நிறுத்திடறதா? தெனம் கட்டற மொத மொழம் அவருக்குத்தான். 'நீ குடுக்கல, நான் குடுக்கறேன், பாத்துக்கோ'ன்னு சொல்லித்தான் அனுப்புவேன்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். "இங்கேர்ந்து போற மாலை அத்தினியும் திரும்பி வர்றதில்ல கண்ணு. எத்தினியோ வூட்ல ஆணியில தொங்கிகினு கீது. கல்யாணம் ஆனா கொண்டாரணும்னு சொன்னாங்க. ஆவலன்னா கொண்டாரக் கூடாதுன்னு யாருனா சொன்னாங்களா? எடுத்துகினு வா. நானும் கூட வரேன். 'இந்தா உன் மாலை, நான் நல்லாத்தான் கீறேன்'னு சொல்லி வெச்சிட்டு வருவோம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கழுத்தே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்த மாலையை இறக்கி வைக்க வேண்டும், உன் கையைப் பிடித்துக்கொண்டு போய் இறக்கி வைக்க வேண்டும். அதற்கு மேல் அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

வீட்டில் அம்மா சாமியாடிவிட்டாள். "அத்தத் தொட்டீன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். திருப்பிக் குடுத்துட்டா இனிமே இல்லன்னு ஆயிடுமேடி! எவளோ போன்ல பேசறவ சொன்னாளாம், இவ கெளம்பிட்டாளாம்." பையைக் கழற்றித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். எனக்கும் வாய் நீளமாயிற்றே. இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. உன்னிடம் புலம்பினால் நீ அம்மா பக்கம் பேசினாய். "வலியப் புடுங்காத. அவங்க கையாலதான் அது எறங்கணும். நான் எங்க பூடப் போறேன்? காத்துகினுதான் இருப்பேன்."

எங்கே போகப் போகிறேன் என்றாயே அக்கா.

அப்புறம் உன் கமெண்ட்டுகள் சுருங்கின. கடையில் வேலை அதிகம் என்று நினைத்தேன். ஒருநாள், கண் பரிசோதனைக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி எழுதியதற்குக் கீழே இப்படி வந்தது: "நல்லா இருந்திச்சி கண்ணு அந்தப் பொண்ணு சிரிச்சத எழுதினே பாரு கைய அசைக்காதீங்கம்மா ட்ரிப்ஸ் ஏறுது போன கீழ வைங்க."

ஓடும் ரயிலில் எழுந்து நின்றுவிட்டேன். நீ மறைத்ததை உன் மைக் சொல்லிவிட்டது. ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டால், அவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார், நீ செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாயாம். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்! "வேலைக்குப் போற பொண்ணு, பேஜாரு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டாம்மா" என்றார். அன்று சாயங்காலம் வந்து உன் கட்டில் பக்கத்தில் நின்று உன்னைத் திட்டினேன். நீ அந்தப் பழுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "கோவத்துல மூக்கு நல்லா கீதுடி உனுக்கு" என்றாய்.

எனக்குப் பகலில் லீவு கிடைக்கவில்லை. வீட்டில் வந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டாள். "எவளா இருந்தா இன்னா? ஆஸ்பத்திரில படுத்துகினு கீறா. கஞ்சி யாரு எடுத்துகினு போவா?" அன்றிலிருந்து தினமும் மத்தியானம் குழைய வடித்த சோறும் மிளகு ரசமும் தூக்குப் பாத்திரத்தில் போனது. நான் சாயங்காலம் வந்தால், நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். என்னதான் பேசினீர்கள் என்று கேட்டால், "ரசத்துல பூண்டு ஜாஸ்தின்னு பேசினோம்" என்பாய்.

நீ பிழைத்து எழுந்து வருவாய் என்றுதான் நம்பினேன். நான் சாமியிடம் மறுபடி பேச ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். வெட்கமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஸ்டேஷனிலும் படிக்கட்டிலும் நின்று, எனக்குக் கொடுக்காததற்குப் பதிலாக இவளைக் கொடு என்று பெருமாளிடம் சண்டை போட்டேன்.

ஏழுமலை அண்ணன் போன் செய்தபோது நான் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். "உங்கக்கா பூட்டாம்மா" என்றார். அந்த ஆள் கண்ணாடியின் தண்டு காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அதைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

உன் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தானாகப் பேசினாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், போனில் அதுவும் வராது. நான் எழுதும் ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை.

"அவ தெனம் உன்னுத படிச்சிக் காட்டுவாடி. அந்தக் கண்ணாடிய மாட்டிகினு. மூச்சு வாங்கும், நிறுத்துவா, அப்பால படிப்பா. நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? நீ ரயில்ல அழுதுகினே எழுதற, ஊர்ல கீறவன்லாம் படிச்சி சிரிக்கறான்னு. வெண்டக்கா பொம்பளையப் படிச்சா, நரைச்ச பொண்டாட்டியப் படிச்சா. நாங்க சிரிச்ச சிரிப்புல நர்ஸம்மா வந்து கத்திட்டுப் போச்சி." அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று சொல்லவில்லை. "நீ நல்லாத்தான் கீறியாடி கௌரி?"

இத்தனை வருஷத்தில் அம்மா என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை. "நல்லாத்தான்மா கீறேன். நெஜமா" என்றேன்.

அவள் எழுந்து போய்த் தலைமாட்டிலிருந்த மஞ்சள் பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம் அக்கா. பஸ்ஸில் பை அம்மா மடியில்தான். கோயிலில் நல்ல கூட்டம். புது மாலையோடு சுற்றுகிறவர்கள் ஒரு பக்கம், புதுத் தாலியோடு பழைய மாலையைக் கொண்டுவந்தவர்கள் ஒரு பக்கம். வரிசையில் முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஆன்ட்டி கல்யாணம் ஆச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள். எனக்குக் காது சுட்டது. அம்மா தலையை நிமிர்த்தி, "யாருக்கும் ஆவலம்மா. மாலை மட்டும் வந்துகீது" என்றாள். என் அம்மாவா இது என்று பார்த்தேன்.

மரத்தடியில் பையைத் திறந்தால் நாரும் தூளும்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அள்ளி வைத்தோம். நீ சொல்லச் சொன்ன வார்த்தைகளை நான் மனதுக்குள் தேடுவதற்குள் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "இந்தாப்பா உன் மாலை. எம்பொண்ணு நல்லாத்தான் கீறா." அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும் என்றிருந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் உன் கடை திறந்திருக்கிறது. ஏழுமலை அண்ணனுக்கு விற்கத்தான் தெரியும், கட்ட வராது. பூவைத் திண்டாடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், மூக்கில் உன் பழுப்புக் கண்ணாடி! அம்மா பொறுக்கமாட்டாமல் உட்கார்ந்து நாரைப் பிடுங்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். கமெண்ட் எப்படிப் போடுவது என்று அண்ணன் கேட்டார். உன் போனில் மைக்கை எப்படி அமுக்குவது என்று காட்டிவிட்டு, கால் கழுவக் கோயில் குளத்துப் பக்கம் போனேன்.

படியில் நிற்கும்போது போன் சிணுங்கியது. புதிய கமெண்ட். அலமேலு, திருவிடந்தை. அப்படியே படியில் உட்கார்ந்துதான் திறந்தேன்.

"அம்மா கௌரி நான் ஏழுமலை உங்கக்கா போன்லேர்ந்து கொக்கு நிக்கறத பத்திப் படிச்சேன் நல்லா கீது உங்கக்கா வுட்ட எடத்துலேர்ந்து நான் படிக்கறேன் நீ எழுதும்மா ஐயோ அண்ணாத்த ஆடு ஆடு பூவத் துன்னுது பாருங்க ஏய் ச்சூ"

அந்தக் கடைசிக் குரல் என் அம்மாவுடையது.

குளத்தங்கரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், இரண்டையும் நிறுத்தத் தெரியவில்லை. கல்யாணம் கேட்டு அங்கே போனவளுக்கு நீ கிடைத்தாய். உன்னைக் கொடுத்தவரிடம் இனி எனக்கு வெட்கம் இல்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது, உன்னைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டதற்கு. பேச்சு வார்த்தையை மட்டும் நிறுத்தமாட்டேன்.

இந்த ஜன்னலை மூடமாட்டேன் அக்கா, இது சத்தியம். இனி எழுதுவதையெல்லாம் முதலில் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவேன். இதையும் இப்போதுதான் படித்துக் காட்டினேன். ரசத்தில் பூண்டு சரியாகத்தான் இருந்தது என்று உன்னிடம் சொல்லச் சொல்கிறாள்.

நீ அதட்டியதால் எழுதிக்கொண்டிருக்கும்,
உன் தங்கச்சி கௌரி